மேற்படி வீட்டில் வசிப்பவர்

உரக்க வாசித்தாக வேண்டும் என்பது சட்டம்.
மனசுக்குள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் பத்திரம் செல்லாது.
ஆகவே முப்பத்தோரு வருடமாக
அடுத்தவர் வீடுகளை வாய்விட்டு வாசிக்கிறேன்,
பாஹியா பிளாங்காவில், வங்கியின் பின்னறையில்,
காற்று ஜன்னலில் மண்ணை வாரி எறிந்துகொண்டிருக்க.

இன்று விற்பவர் நெலிடா அர்சேனோ.
வாங்குவது ஐலென், அவள் கணவன் ததேயோ.
வங்கியின் சார்பில் ஒரு பெண், பேனா மூடியைக் கடித்தபடி.
கதவோரத்தில், தொப்பியை மடியில் கவிழ்த்து,
ஒஸ்வால்தோ சிகேரோ.
தெற்கே கொமோடோரோவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்.
வீடு அவர் பேரில் இல்லை. ஒரு செங்கல்கூட.
ஆனால் குடும்பம் குடியிருந்த வீட்டை விற்க
மணத்துணையின் சம்மதம் வேண்டும்.
போனவர் போனவர்தான் என்று
சட்டத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான்கெல்லை வாசித்தேன்.
வடகிழக்கே தெரு, பத்து மீட்டர்.
தென்கிழக்கே பதின்மூன்றாம் மனை.
லா பிளாட்டாவிலிருந்து வந்த வில்லங்கச் சான்று:
அடமானமில்லை, ஜப்தியில்லை, தடையில்லை.
தன்னைப் பாராட்டியதுபோல் நெலிடா தலையசைத்தார்.

"ஒஸ்வால்தோ சிகேரோவை முதல் மணமாக மணந்தவர்"
என்ற இடத்தை வழக்கம்போல் வேகமாகக் கடந்தேன்.
அங்கே நிற்க யாரும் விரும்புவதில்லை.

"மேற்படி ஒஸ்வால்தோ, வயது அறுபத்தெட்டு,
வெல்டர், மேற்படி வீட்டில் வசிப்பவர்..."

"எங்கே வசிப்பவர்?"

அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
அதே தெரு. அதே எண்.
போய்ப் பத்தொன்பது வருடம்.
சோம்பல் என்று சொல்ல முடியாது,
அட்டையை இரண்டுமுறை புதுப்பித்திருக்கிறார்.
"வரிசை நீளமாக இருந்தது" என்றார்.

நெலிடா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:
"தேர்தலுக்குத் தேர்தல் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள்.
இவர் பேரும் இருக்கும்.
சர்க்கார் தப்பு என்று நினைத்தேன்."

முகவரியைத் திருத்தவா என்று கேட்டேன்.
திருத்தலாம், அடியில் என் கையால் எழுதினால் போதும்:
அடித்தது செல்லாது, இடையில் எழுதியது செல்லும்.
"இன்றைக்கு அதுதான் சரி" என்றார் ஒஸ்வால்தோ.
விட்டுவிட்டேன்.

கடன் போக மீதி டாலர்.
எந்திரம் எண்ணியது, மறுபடி எண்ணியது.
ஏழு தாள் பழைய அச்சு, தலைவர் தலை சின்னதாக இருப்பவை.
நெலிடா தனியே ஒதுக்கினார்:
"மாற்றுகிறவன் பத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வான்."
ததேயோவின் காது சிவந்தது.
கதவோரத்திலிருந்து குரல்: "அதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

பாதி என்ற சொல்லை அறையில் யாரும் உச்சரிக்கவில்லை.
நெலிடா ஏழு தாளையும் மேசைமேல் தள்ளினார்,
ஒரு விரலால்,
சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துவதுபோல்.

அவர் கையெழுத்திட்டார். மெதுவாக, முழுப் பெயரும்.
மணி பன்னிரண்டு பத்து.

அடுத்த பத்திரத்தை எடுத்தேன். அடமானம், முதல் நிலை.
முப்பது வருடம், மாதாமாதம்.
கடன் பெசோவில் இல்லை,
விலைவாசியோடு தானும் ஏறுகிற ஓர் அலகில்.
ஐலென் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினாள்.
முடிகிறபோது அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும்.
பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு ஒப்பமிட்டாள்.
வில்லங்கமே இல்லாத வீடு
அவர்களிடம் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.
அதை நான் வாசித்தே தீர்த்துவிட்டேன்.

"உங்கள் பேருக்குக் கடிதம் வந்தால் என்ன செய்வது?"
ஐலென் அவரிடம் கேட்டாள்.
பதில் சொன்னது நெலிடா:
"மின்வாரியம் மட்டும் எழுதும். கிழித்துப் போடு."

ஒஸ்வால்தோ தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.
கதவைத் திறக்காதீர்கள் என்றேன்,
காற்று, மை காயட்டும்.
கைப்பிடியில் வைத்த கையோடு
அவர் நின்றுகொண்டிருந்தார்.